ஊட்டி இ-பாஸும் பத்தமடைப் பாயும்

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். ஊட்டியா, கொடைக்கானலா? மூன்றாவதாக ஒரு ஊரை யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அது மூணாறாக இருக்கும். 2025-ல் நான் கடைசி வாரம் வரை அசட்டையாக இருந்துவிட்டேன். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்பது தெரியும். அந்தக் கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நான் கேட்ட சனிக்கிழமைக்குப் பாஸ் இல்லை. அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே கிடையாது, ஆனால் ரூமும் அதற்குள் யானை விலை, குதிரை விலை ஆகியிருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளூர நிம்மதி. அதற்கு முந்தைய ஊட்டிப் பயணம் ஞாபகம் வந்தது. மூன்று நாள், நான்கு பேர், கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். குன்னூர் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் முன்னால் போன வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். ரூம் எடுத்தது ஆப்பில், சாப்பிட்டது சென்னையிலும் கிளை இருக்கிற ஒரு ஓட்டலில், வாங்கியது எங்கள் தெருமுனையிலும் கிடைக்கிற தைலமும் சாக்லேட்டும். இறங்கும்போது பர்லியாறில் வண்டியை நிறுத்தி ஒரு அம்மாவிடம் பழம் வாங்கினோம். அவ்வளவு பணம் செலவழித்ததில் என்னால் முகம் சொல்ல முடிந்தது அந்த அம்மா ஒருவருக்குத்தான். மீதியெல்லாம் எங்கே போனது, யார் கையில் விழுந்தது, ஒன்றும் தெரியாது.

சரி, இந்த முறை வேறு மாதிரி தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தேன். 'கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' வகைப் பட்டியல்களை மூடிவிட்டு, தமிழ்நாட்டில் புவிசார் குறியீடு (இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்று சட்டப்படி தரும் பதிவு) வாங்கிய பொருட்களின் பட்டியலைத் திறந்தேன். இது நம் மாநிலத்தில் அறுபதைத் தாண்டிவிட்டது. படித்துப் பாருங்கள், அதுவே ஒரு பஸ் ரூட் மாதிரி இருக்கும். திண்டுக்கல் பூட்டு, சோழவந்தான் வெற்றிலை, மதுரைச் சுங்குடி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், பத்தமடைப் பாய், உடன்குடி கருப்பட்டி. தெற்கே போகிற வழியில் அங்கங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நாம்தான் ஜன்னலை ஏற்றிவிட்டுத் தாண்டிப் போகிறோம். ஒரு பொருள் அந்த ஊரில் மட்டும் ஏன் நன்றாக வருகிறது என்று கேட்டால் மண், தண்ணீர், வெயில், பரம்பரை என்று எல்லாம் வெளியே வரும். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட இது எனக்குப் பிடித்த கேள்வி.

வீட்டில் நான் இப்படியெல்லாம் பேசவில்லை. "பாபநாசத்துல அருவி இருக்கு, திருச்செந்தூர்ல கடல் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். மகளுக்கு அருவி, அம்மாவுக்கு முருகன். மனைவிதான் "மே மாசம், திருநெல்வேலி, வெயில், உனக்குப் பைத்தியமா" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. தாம்பரத்தில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாபநாசம் போகிற சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணியை ஒட்டியே போகும். பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். மொத்தமே நாற்பது கிலோமீட்டருக்குள். பத்தமடையில் பாய், காருகுறிச்சியில் பானை (நாகஸ்வர வித்வான் அருணாசலம் பிறந்த காருகுறிச்சியேதான்), வீரவநல்லூரில் கைத்தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அம்பாசமுத்திரத்தில் அரக்குப் பூசிய மரச்சொப்பு. அடுத்தடுத்த ஊரில் ஆளுக்கொரு தொழில். செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் போனால் பத்தமடை தவிர மற்ற எல்லா ஊரிலும் நின்று நின்று போகும். நாங்கள் பாபநாசம் பஸ் பிடித்தோம், பத்தமடையில் வாசலிலேயே இறக்கிவிடுவான் என்பதற்காக.

மெயின் ரோட்டிலேயே பாய்க்கடைகள் இருக்கின்றன. முதலில் நுழைந்த கடையில் அடுக்கடுக்காகப் பாய், கண்ணைப் பறிக்கிற நிறம், விலையும் மலிவு. நான் வாங்கவே போய்விட்டேன். அம்மா ஒரு பாயைப் புரட்டி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு "வாடா போலாம்" என்று எழுந்துவிட்டார்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பிறந்தது காஞ்சிபுரத்துப் பக்கம், வீட்டுக்குள்ளேயே தறி இருந்த வீடு. தாத்தா நெய்தது கூலிக்கு. கோயில் பார்க்க வேனில் வருகிறவர்கள் டிரைவர் கூட்டிப்போகிற பெரிய கடையில் சேலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டிரைவருக்கு அதில் கமிஷன் உண்டு. குழந்தையாக இருந்தபோது நெசவாளர் தெருவுக்குள் ஒரு வேன் திரும்பி அவர் பார்த்ததே இல்லையாம். இதை அவர் வருத்தமாகச் சொல்ல மாட்டார், செய்தி வாசிக்கிற மாதிரி சொல்வார். ஆனால் துணியோ பாயோ எது கையில் கிடைத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

"என்னம்மா, என்ன கோளாறு?" என்றேன். மிஷின் என்றார். கோரைப் பாயை மின்தறியிலும் நெய்கிறார்கள். காவிரிக் கரையில் முசிறிப் பக்கம் அப்படி நிறைய வருகிறது. அதில் தப்பொன்றும் இல்லை, நானே வீட்டில் அதில்தான் படுக்கிறேன். பத்தமடைக்கே வந்து பத்தமடைப் பாய் என்று நினைத்துக்கொண்டு அதை வாங்குவதுதான் தப்பு. புவிசார் குறியீடு என்று போர்டில் எழுதிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அதுவாகிவிடாது. அந்தக் குறியீட்டைப் போட்டுக்கொள்ளப் பதிவு செய்தவர்களுக்குத்தான் உரிமை, ஆனால் போர்டு எழுதுகிறவர் அதையெல்லாம் கேட்கப் போவதில்லை.

டீக்கடையில் விசாரித்தோம். கையில் நெய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதும், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸோடு வெளியே வந்து தெருவைக் காட்டினார். மூன்றாவது சந்து. இந்த ஊரில் பாய் நெய்வது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வாசலில் நின்று கூப்பிட்டதும் ஒரு அக்கா எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துத் தயங்கி, பின்னாலிருந்த அம்மாவையும் மகளையும் பார்த்ததும் "உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

தறி என்றால் நான் உயரமாக எதையோ எதிர்பார்த்தேன். இது தரையோடு தரையாக இருந்தது. இரண்டு பக்கமும் கட்டைகள், நடுவில் நீளமாக இழுத்துக் கட்டிய பருத்தி நூல் (இதுதான் பாவு), அதைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் முக்காலி. இரண்டு பேர். ஒருவர் நூலின் மேலேயே பலகை போட்டு உட்கார்ந்து, நூல்களைக் கோத்த அச்சுக் கட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் நீளக் குச்சியின் நுனியில் கோரையைச் செருகி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அனுப்புகிறார். அனுப்பியதும் அச்சை இழுத்து ஒரு அடி. டப். மறுபடி ஒரு கோரை. டப். நான் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தேன், பாய் என் சுண்டுவிரல் அகலம்கூட வளரவில்லை.

கோரை நூல் மாதிரி இருந்தது. சும்மா சொல்லவில்லை, தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் சோறு மாதிரியான சதையை எடுத்துவிட்டுக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, அப்புறம் சாயம். பட்டுப்பாய் என்று சொல்வது இதைத்தான். மடித்தால் துணி மாதிரி மடங்கும். 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டிக்கொண்டபோது இங்கிருந்து பாய் போனது என்ற கதையை அந்த ஊரில் யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு வேலை இல்லை. அம்மா முட்டி வலியையும் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாவு எத்தனை இழை?" என்று கேட்டார். அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தறிக்காரவுகளா?" என்றார். அவ்வளவுதான். பாவு, ஊடை, அச்சு, கூலி, முதுகு வலி என்று இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள், காஞ்சிபுரத்துப் பேச்சும் நெல்லைப் பேச்சுமாக. கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போகும் விலையைச் சொன்னார், அது மெயின் ரோட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று அம்மா சொன்னார், அதைக் கேட்டு அவர் சிரித்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

பட்டுப்பாய் எங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஒன்றுக்கு வாரக் கணக்கில் ஆகும் வேலை, பல ஆயிரம் ரூபாய், அதுவும் ஆர்டர் கொடுத்துத்தான். அதற்கு அடுத்த நயத்தில் சிவப்பும் கருப்பும் கரை போட்ட ஒரு பாய் 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். ரோட்டுக் கடையின் மிஷின் பாய் 400. நான் அங்கே நின்று மனசுக்குள் கழித்துக் கூட்டிக்கொண்டிருந்ததை மறைக்கப் போவதில்லை. 1,400 ரூபாய் வித்தியாசம். எங்கள் ஊட்டி ஓட்டலில் காலை டிபனுக்கே அதைவிட அதிகம் கொடுத்தோம் என்று மனைவி பிறகு சொன்னாள், அவளுக்கு இந்த மாதிரிக் கணக்கு டக்கென்று வரும்.

உள்ளூர்ச் சிறு தொழிலுக்கு ஆதரவு கொடுங்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த 'ஆதரவு' என்ற சொல்லே கொஞ்சம் இடிக்கிறது. அந்த அக்கா எங்களிடம் ஆதரவு கேட்கவில்லை. நல்ல பாய் வைத்திருந்தார், விலை சொன்னார், நாங்கள் வாங்கினோம். தானம் கொடுக்கிற நினைப்பில் போனால் இரண்டு தப்பு நடக்கும்: சுமாரான பொருளையும் பாவம் என்று வாங்கி வந்து பரணில் போடுவோம், அல்லது நாம் கொடுத்த காசுக்கு அவர்கள் பணிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். சின்னக் கடை என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. அன்று இரவு நாங்கள் தங்கிய ஒரு குடும்ப லாட்ஜில் பாத்ரூம் குழாயைத் திறந்தால் துருத் தண்ணீர் வந்தது, கேட்டதற்கு "காலையில சரியாயிடும் சார்" என்றார்கள், ஆகவில்லை. அங்கே இனி போக மாட்டேன். அடுத்த நாள் மாறிய இடமும் ஒரு குடும்பம் நடத்துவதுதான், சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர் "அடுத்த தடவ ஆப்புல போடாதீங்க, போன் பண்ணுங்க, கமிஷன் மிச்சம், 200 ரூவா கொறைச்சுத் தாரேன்" என்றார். ஆப்பில் இடத்தைத் தேடிவிட்டு, போனில் பேசி ரூம் போடுவது என்று அதிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

காருகுறிச்சியில் பேரம் பற்றிய என் கொள்கை ஒன்று அடிபட்டது. கைவினைஞர்களிடம் பேரம் பேசக்கூடாது என்பது என் கொள்கை, இதை வீட்டில் பலமுறை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். பானைகள் அடுக்கிய ஒரு வீட்டு வாசலில் மீன்குழம்புச் சட்டி ஒன்றை எடுத்து விலை கேட்டேன். 180 என்றார் அந்தப் பாட்டி. நான் பர்ஸைத் திறந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு "நூத்தி இருவது" என்றார். பாட்டிக்கு முகமே மலர்ந்துவிட்டது, நிஜமாகவே, அதுவரை பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவர் மாதிரி. "நூத்தி இருவதுக்கு ஓட்டைச் சட்டிதான் கெடைக்கும்." "ஓட்டை இல்லாத சட்டியா இது, தட்டிக் காட்டு பாப்போம்." தட்டினார். கணீர் என்றது. அம்மா இன்னொன்றைத் தட்டச் சொன்னார். பத்து நிமிடம் இப்படியே ஓடியது. கடைசியில் 180 ரூபாயே கொடுத்தோம், கூட ஒரு டஜன் அகல்விளக்கும் மகளுக்கு ஒரு மண் உண்டியலும் கொசுறு. அம்மா வேறு வழியில்லாமல் கொடுப்பது மாதிரி கொடுத்தார், பாட்டி வேறு வழியில்லாமல் வாங்குவது மாதிரி வாங்கினார். நான் பேரமே பேசாமல் நீட்டியிருந்தால் அந்தப் பாட்டிக்கு மண் உண்டியல் மிச்சம், ஆனால் அன்றைய பொழுது வீண் என்று நினைக்கிறேன். என் கொள்கையை இப்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்: பேசத் தெரிந்தவர்கள் பேசலாம். 'லாஸ்ட் பிரைஸ் என்ன' என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கிற ஆட்கள் பேசக்கூடாது.

இந்தப் பானைக்குக் குறியீடு கிடையாது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் கிடைத்தது, காருகுறிச்சிக்கு இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் நான் பார்த்த பட்டியலில் இடம் இல்லை. ஆகவே பட்டியலைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், வேலியாக அல்ல. அப்பளத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உளுந்து, அப்பளக் காரம், தாமிரபரணித் தண்ணீர். தண்ணீரால்தான் ருசி என்று அவர்கள் சத்தியம் பண்ணுகிறார்கள். எண்ணெயில் போட்டதும் கை அகலத்துக்கு விரிகிறது. இரண்டு கிலோ வாங்கினோம், வீடு வந்து சேர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கே முக்கால் கிலோ போய்விட்டது.

அகஸ்தியர் அருவியில் மே மாதத்திலும் தண்ணீர் விழுந்தது. அங்கே வருஷம் முழுக்க விழும், குற்றாலம் மாதிரி ஜூன், ஜூலை சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம். மகள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. பயணத்தில் அவளுக்கு நினைவிருப்பது அருவியும் உண்டியலும்தான், அது போதும்.

அடுத்தது உடன்குடி. இங்கே நான் ஏமாந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கடைக்குக் கடை கருப்பட்டி. 'ஒரிஜினல் உடன்குடி' என்று எழுதாத கடையே இல்லை. ஒரு கடையில் கிலோ 220 ரூபாய் என்றதும் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். பளபளவென்று எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அப்புறம் உடன்குடிப் பக்கம் ஆட்டோவில் போகும்போது அந்த ஆட்டோக்காரர் பையை எட்டிப் பார்த்து, "எவ்வளவுக்கு வாங்குனிய?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "சீனி கிலோ நாப்பத்தஞ்சு ரூவாதான சார்" என்றார். நான் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க இன்னும் கொஞ்ச தூரம் ஆனது.

அவரே ஒரு விளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு, கூட்டிப்போனார். செம்மண், மணல், பனை. பனையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத வெளி. ஓலைக் குடிசைக்குள் பெரிய வாணலி போன்ற பாத்திரத்தில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே வெயில் ஒரு பங்கு என்றால் உள்ளே அனல் இரண்டு பங்கு. ஒரு அம்மா நின்று துழாவிக்கொண்டிருந்தார், அவருடைய வீட்டுக்காரர் காலை மரம் ஏறி இறங்கிவிட்டு வெளியே அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார், சாயங்காலம் மறுபடி ஏற வேண்டும். பாளையைச் சீவுவது, கலயத்தைக் கட்டுவது, இறக்குவது, எல்லாம் மரத்தின் உச்சியில். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைதான் இந்த வேலை ஓடும் என்றார். மே மாதத்தில் வந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான், மனைவியைத் திரும்பிப் பார்த்தேன், அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கொதித்துக் கொதித்துப் பதநீர் பாகாகி, பாகு கெட்டியாகி, அந்த அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். உருட்டினார். இன்னும் கொஞ்சம் துழாவினார். மறுபடி ஒரு சொட்டு. அப்புறம் வேகமாக இறக்கி, வரிசையாகப் பரப்பிய சிரட்டைகளில் ஊற்ற ஆரம்பித்தார், அந்த ஐந்து நிமிடம் யாரும் அவரிடம் பேசவில்லை, பதம் தப்பினால் அன்றைய கூலி போச்சு. சிரட்டையில் ஊற்றுவதால்தான் கருப்பட்டி அரைத் தேங்காய் வடிவில் இருக்கிறது என்பதே என் மகளுக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கும்தான்.

கிலோ 400 ரூபாய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, நிறம் திட்டுத்திட்டாக, ஒன்றின் ஓரத்தில் சிரட்டை நார் ஒட்டியிருந்தது. உடைத்துக் கொடுத்த துண்டை வாயில் போட்டேன். இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உப்புக் கரிப்பு, அதற்கும் பின்னால் புகை. பையிலிருந்த என் 'ஒரிஜினல்' வெறும் இனிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றித் தின்று பார்த்தபிறகு வேறு சோதனை எதுவும் தேவைப்படவில்லை. மூன்று கிலோ வாங்கினோம், கூடச் சுக்குக் கருப்பட்டி ஒரு ஓலைப் பெட்டி. போனில் அனுப்பலாம் என்று பார்த்தால் சிக்னல் இல்லை. இந்த மாதிரி ஊர்களுக்குப் போகும்போது கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஐம்பது, நூறு தாள்களாக. பத்தமடைச் சந்திலும் காருகுறிச்சி வாசலிலும் ஐநூறை நீட்டி நான் சில்லறைக்காக அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு ஓடவைத்தேன்.

ஆட்டோக்காரர் கமிஷன் வாங்கியிருப்பாரோ என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தால், எனக்கும் வந்தது. வாங்கியிருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். காஞ்சிபுரத்து வேன் டிரைவர் கமிஷன் வாங்கிக்கொண்டு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார், இவர் பதநீர் காய்ச்சுகிற இடத்துக்கே கூட்டிப்போனார். எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கி (முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள், வாயில் வைத்தால் கரைந்துபோகும்) முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஆளுக்கொரு பெட்டியோடு போனவர்கள் பாய்ச் சுருள், வைக்கோல் சுற்றிய சட்டி, அப்பள மூட்டை, ஓலைப்பெட்டி என்று கல்யாணச் சீர் கொண்டுபோகிற கோலத்தில் திரும்பினோம். பாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேல் பெர்த்தில் எனக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்தேன். இரவெல்லாம் கோரை வாசனை. செலவைக் கூட்டிப் பார்த்தால் ஊட்டியைவிட ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை, ஆறாயிரம் சொச்சம்தான் மிச்சம். ஊட்டியே வேண்டாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் வர்க்கி சுடுகிற சின்ன பேக்கரிகள் இருக்கின்றன, கோத்தகிரிப் பக்கம் தேன் இருக்கிறது, தோடர்களின் எம்பிராய்டரிக்குக் குறியீடே உண்டு. முந்தின தடவை எதையும் தேடாதது என் சோம்பேறித்தனம்.

பாயை அம்மா யாரையும் படுக்கவிடுவதில்லை. விருந்தாளி வந்தால் விரிப்பார், பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார், சுருட்டிவிடுவார். அந்தப் பத்தமடை அக்காவோடு அவருக்குப் போன் பழக்கம் ஆகிவிட்டது, பெருநாளைக்கு இவர் கூப்பிட, பொங்கலுக்கு அவர் கூப்பிட. போன மாதம் என் சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மணமக்கள் பெயர் நெய்த பட்டுப்பாய் ஒன்று சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று, நானும் மனைவியும் பாதிப் பணம் போடுவதாக ஏற்பாடு. அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பெயர்களைச் சொன்னார். பெண்ணின் பெயர் மூன்றெழுத்து, சிக்கலில்லை. மாப்பிள்ளையின் பெயர் தாத்தா பெயர், குலதெய்வம் பெயர் எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாது, நடுவில் ஒரு 'ஸ்ரீ' வேறு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தறி ஓசை மட்டும் கேட்டது.

"யக்கா, அம்புட்டு நீளம் பாயில கொள்ளாது. மாப்பிள்ளைய வீட்டுல எப்படிக் கூப்பிடுவாவ?"

விசாரித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்தோம். விசாரித்தோம். வீட்டில் அவரை 'பப்பு' என்று கூப்பிடுகிறார்களாம். அதைப் பாயில் போடலாமா என்று இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.